கடைசல் பட்டறையின் இரும்புக் கணக்கு

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் போனாலும் லேத் பட்டறைகள் உண்டு. இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்திருக்கும் சின்னக் கூடம் முதல் பத்துப் பன்னிரண்டு சி.என்.சி. ஓடும் தொழிற்கூடம் வரை எல்லாவற்றிலும் ஒரு மூலை பொதுவாக இருக்கும். சுவரோரம் அடுக்கிய பார்கள், அவற்றின் காலடியில் வெட்டி மீந்த துண்டுகள். பட்டறையின் நடைமுறை மூலதனத்தில் கணிசமான பங்கு இந்த மூலையில்தான் நிற்கிறது. மெஷின் கடனின் தவணையை மாதாமாதம் எண்ணிப் பார்க்கும் முதலாளிகளில் பலர் இந்த மூலையை முழுதாகப் புரட்டிப் பார்ப்பது ஆயுத பூஜைக்குக் கூடத்தைக் கழுவும்போது மட்டுமே.

இங்கே எவ்வளவு இரும்பு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தன் தேவையைத் தானே அறிந்த தொழிற்சாலைக்கு எழுதப்பட்டவை. பிறர் கொடுக்கும் டிராயிங்குக்கு வேலை செய்யும் ஜாப் ஆர்டர் பட்டறைக்கு அடுத்த மாதம் எந்த உலோகம், எந்த விட்டம் வேண்டியிருக்கும் என்று தெரியாது. ஆகவே அந்தப் பதில்கள் இங்கே எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது: ஜாப் ஆர்டர் பட்டறையின் இருப்பு விலை எழுதும் மேசையிலும் பார் வெட்டும் பேண்ட்சா அருகிலும் தீர்மானமாகிறது. ஸ்டோருக்கு வருவது அந்தத் தீர்மானங்களின் விளைவுதான்.

முதல் பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1913-இல் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற பொறியாளர், ஒரே தடவையில் எத்தனை உருப்படிகள் செய்வது சிக்கனம் என்ற கேள்விக்கு ஒரு வர்க்கமூலச் சூத்திரம் கொடுத்தார். அடிக்கடி வாங்கினால் வாங்கும் செலவு ஏறுகிறது. மொத்தமாக வாங்கினால் வைத்திருக்கும் செலவு ஏறுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவு. ஒரு பட்டறைக்கு 50 மில்லிமீட்டர் இ.என். 8 எஃகு ரவுண்டு பார் ஆண்டுக்கு 2,400 கிலோ தேவை என்று கொள்வோம். ஒருமுறை வாங்க வண்டி வாடகையும் அலைச்சலும் சேர்த்து 600 ரூபாய். கிலோ 80 ரூபாய் என்றும், வட்டி, இடம், துரு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு அதில் 20 சதவீதம் வைத்திருக்கும் செலவு என்றும் எடுத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு ஏறத்தாழ 424 கிலோ வாங்கச் சொல்கிறது சூத்திரம். நாலரைப் பார் வருகிறது.

இந்த விடையைவிட அதைச் சுற்றியுள்ள உண்மை பட்டறைக்குப் பயன்படும். 424-க்குப் பதில் அதைப்போல் ஒன்றரை மடங்கு வாங்கினாலும் அந்த இரண்டு செலவுகளின் கூட்டுத்தொகை 8 சதவீதம்தான் கூடுகிறது. இரண்டு மடங்கு வாங்கினால் 25 சதவீதம். அதாவது அளவு கொஞ்சம் முன்பின் போனால் பெரிய நஷ்டம் இல்லை. தேவையே இல்லாமல் போனால்தான் நஷ்டம், அதைப் பற்றி இந்தச் சூத்திரத்தில் ஒரு எழுத்தும் கிடையாது. ஆண்டு முழுவதும் ஒரே சீராகத் தேவை இருக்கும் என்பது அதன் அடித்தளம். பம்ப்செட் கம்பெனிக்கு மாதாமாதம் ஷாஃப்ட் கடைந்து தரும் பட்டறைக்கு அது ஓரளவு பொருந்தும். இன்று ஜவுளி மெஷின் ரோலர், நாளை வால்வு ஸ்பிண்டில் என்று ஓடுகிறவருக்குப் பொருந்தாது.

இரண்டாவது பதில் எல்லாப் பொருளையும் ஒரே கண்ணால் பார்க்காதே என்பது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபோர்டு டிக்கி 1951-இல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவிய ஏ, பி, சி பகுப்பு அது. பணம் அதிகம் முடங்கும் சில பொருள்களை நெருக்கமாகக் கவனி, மலிவான பலவற்றைத் தாராளமாக வைத்திரு. நல்ல யோசனை. ஆனால் பட்டறையில் டெலிவரியை நிறுத்துவது எப்போதும் விலையுயர்ந்த பொருளாக இருப்பதில்லை. ஐந்து டன் இ.என். 8 கண்முன்னே இருக்க, அரை அடி நீளப் பாஸ்பர் பிரான்ஸ் துண்டு ஒன்று கிடைக்காமல் முழு அசெம்பிளியும் நின்றுபோகும். ஆகவே விலையோடு கிடைக்கும் அருமையையும் சேர்த்துத்தான் தரம் பிரிக்க வேண்டும். உள்ளூர்க் கடையில் அன்றைக்கே கிடைப்பது ஒரு வகை. வெளியூரிலிருந்து லாரியில் வரவேண்டியது இன்னொரு வகை. ஆலைக்குச் சொல்லி உருட்டி வாங்க வேண்டியது மூன்றாவது. முதல் வகையைப் பட்டறை வைத்திருக்கவே வேண்டியதில்லை. கடைக்காரரின் கிடங்கே போதும்.

மூன்றாவது பதில் ஜப்பானிலிருந்து வந்தது. அது பிறந்த இடமும் ஒரு கடைசல் கூடம்தான் என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ, அடுத்த நிலை கேட்கும்போது கேட்ட அளவை மட்டும் எடுத்துக்கொள்ளும் கான்பான் முறையை 1953-இல் தம் பொறுப்பிலிருந்த மெஷின் ஷாப்பில் நடைமுறைப்படுத்தினார். இருப்பு குறைந்தால் தவறுகள் ஒளிய இடமில்லாமல் வெளியே வரும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓனோ அதற்கு முன்நிபந்தனையாக வைத்தது தேவையைச் சமன்படுத்துவது: மாதக் கடைசியில் மலைபோல் குவிக்காமல் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே அளவு எடுத்துக்கொள்வது. இங்கே பெரிய கம்பெனிகள் பலவும் கான்பான் அட்டையை எடுத்துக்கொண்டன, நிபந்தனையை விட்டுவிட்டன. திங்கட்கிழமை 200 பீஸ் கேட்பார்கள், புதன்கிழமை 900 கேட்பார்கள், அடுத்த வாரம் ஒன்றுமே கேட்கமாட்டார்கள். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுக்க யாராவது ஒருவர் இரும்பை வாங்கி வைத்திருந்தே ஆகவேண்டும். கம்பெனியின் கணக்கில் மறைந்த இருப்பு அப்படியே பட்டறையின் மூலைக்கு வந்துசேர்கிறது, பட்டறைக்காரர் கட்டும் வட்டியோடு. இதைச் சிக்கனம் என்று அழைப்பது நியாயமில்லை.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்றும் நம்மிடம் உண்டு: கிடைக்கும்போது வாங்கிப் போடு. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1964-இல் அமைந்த கூட்டு ஆலைக் குழு வழியாகப் பெரிய ஆலைகளின் எஃகு விலையும் பங்கீடும் கட்டுக்குள் இருந்தன. சிறுதொழில்காரர் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து வாங்கிய காலம் அது. ஒதுக்கீடு வந்தால் தேவையோ இல்லையோ எடுத்துவிட வேண்டும், விட்டால் அடுத்து எப்போது என்று தெரியாது. 1992 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. இன்று சென்னைச் சாத்தங்காடு இரும்பு எஃகுச் சந்தையிலும் கோவைக் கடைகளிலும் பணம் இருந்தால் அன்றே சரக்கு. ஆனாலும் பஞ்ச காலத்துக் கை இன்னும் பல பட்டறைகளில் வாங்கிக்கொண்டேயிருக்கிறது. தந்தை சேர்த்துவைத்த பார்களை மகன் துருவோடு பாதுகாக்கிறார்.

வாங்கிப் போடுகிறவர்கள் சொல்லும் இன்னொரு காரணம் விலையேற்றம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2021-இல் எஃகு விலை ஏறிய வேகத்தில், மூன்று மாதத்துக்கு முன் ஒப்புக்கொண்ட விலையில் வேலை முடித்துக் கொடுத்தவர்கள் கூலியையே இழந்தார்கள். மூலப்பொருள் விலை உயர்வைக் கண்டித்து அந்த டிசம்பர் 20 அன்று கோவைச் சிறுதொழில்கள் கதவடைப்பு நடத்தின. மறு ஆண்டு மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வியாபாரமே நிறுத்தப்பட்டது. எஸ்.எஸ். 304-இல் எட்டு சதவீதத்துக்குக் குறையாமலும் 316-இல் பத்து சதவீதத்துக்குக் குறையாமலும் நிக்கல் இருப்பதால் அந்த அதிர்ச்சி ஸ்டெயின்லெஸ் கடைகள் வரை வந்தது. பயந்துபோய் வாங்கிக் குவித்தவர்கள் உண்டு. மே மாதக் கடைசியில் மத்திய அரசு எஃகுப் பொருள்கள் பலவற்றுக்கு 15 சதவீதம் ஏற்றுமதி வரி போட்டதும் உள்நாட்டு விலை இறங்கியது. உச்சத்தில் வாங்கிய சரக்கு நஷ்டத்தில் நின்றது. நவம்பரில் அந்த வரியும் நீங்கியது. ஒரே ஆண்டில் இத்தனை திருப்பம். விலையை ஊகித்து இரும்பு வாங்குவது தனித் தொழில், அதைச் செய்ய வணிகர்கள் இருக்கிறார்கள். கடைசல்காரர் தன் லாபத்தை மெஷின் மணியிலும் கைத்திறனிலும் தேடவேண்டியவர். விலை அபாயத்துக்கு அவருடைய காப்பு, கொட்டேஷனில் எழுதும் ஒரு வரி: இந்த மெட்டீரியல் விலை இத்தனை நாளுக்குத்தான் செல்லும், அதற்குப் பின் ஆர்டர் தேதியின் சந்தை விலைப்படி. அந்த வரியை எழுதத் தயங்குகிறவர்கள்தான் அதற்குப் பதிலாக டன் கணக்கில் இரும்பைச் சுமக்கிறார்கள்.

கொட்டேஷன் மேசையில் விலை மட்டும் முடிவாவதில்லை, பார் அளவும் அங்கேதான் முடிவாகிறது. டிராயிங்கில் வெளிவிட்டம் 48 என்றால், கருப்பு பாரின் மேல்தோல் போக 50 ரவுண்டு எடுக்க வேண்டும். வெளிவிட்டம் 34 என்றால் 36 போதும், ஆனால் 36 கையில் இல்லை, 38 இருக்கிறது. 38 எடுத்தால் எடை 11 சதவீதம் கூடும். அந்த 11 சதவீதம் சுருளாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கூடவே ஒரு பாஸ் அதிகம் ஓட்ட வேண்டும். மறுபக்கம் 32, 35, 36, 38, 40 என்று ஐந்து அளவும் வைத்திருந்தால் ஐந்திலும் பாதிப் பார்கள் நிற்கும், ஐந்திலும் துண்டுகள் சேரும். நான் பார்த்தவரை நன்றாக நடக்கும் பட்டறைகள் தங்களுக்கென்று ஒரு குறுகிய அளவுப் பட்டியல் வைத்துக்கொள்கின்றன: உலோகத்துக்கு ஆறேழு விட்டங்கள், அவ்வளவுதான். சில்லறை வேலைக்கு அந்தப் பட்டியலிலிருந்து சற்றே பெரிய பாரை எடுத்து எடை இழப்பை ஏற்றுக்கொள்கிறார்கள். ஐந்நூறு ஆயிரம் பீஸ் ஆர்டருக்குச் சரியான அளவைத் தனியாக வாங்கி, அந்த வேலையோடு தீர்த்துவிடுகிறார்கள். எந்த எண்ணிக்கைக்கு மேல் தனியாக வாங்குவது என்ற எல்லைக்கோடு பட்டறைக்குப் பட்டறை மாறும். ஆனால் அந்தக் கோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். சூப்பர்வைசர் மனசில் மட்டும் இருந்தால் அவர் லீவில் போகும் வாரம் அதுவும் போய்விடும்.

துளையுள்ள உருப்படிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வெளிவிட்டம் 48, துளை 30, நீளம் 82 என்று ஒரு புஷ். ரவுண்டு பாரின் எடைக்குப் பட்டறை அறிந்த வாய்ப்பாடு உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 50 ரவுண்டு மீட்டருக்கு 15.43 கிலோ. 85 மில்லிமீட்டர் துண்டு 1.31 கிலோ. கடைந்து முடித்த புஷ் 0.71 கிலோ. வாங்கிய இரும்பில் 46 சதவீதம் சுருள். இதையே தடித்த குழாயில் செய்தால் சுருள் பாதிக்கும் கீழே இறங்கும், டிரில் போடும் நேரமும் மிச்சம். ஆனால் குழாய் கிலோவுக்கு விலை கூடுதல், கேட்ட சுவர்த்தடிமனில் கிடைப்பது அரிது, மூலையில் இன்னொரு வகை சேர்கிறது. திரும்பத் திரும்ப வரும் வேலை என்று உறுதியானால் குழாய். ஒருமுறை வேலை என்றால் ரவுண்டு பார். இந்த முடிவையும் விலை எழுதும்போதே எடுத்தாக வேண்டும். ஆர்டர் வந்தபின் யோசித்தால் கையில் எது இருக்கிறதோ அதுதான் முடிவு.

இனி வெட்டு. அதே 82 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் ஃபேசிங்குக்கு ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு 85 வெட்டுகிறோம். பேண்ட்சா பிளேடு எடுப்பது 2 என்று கொள்வோம். ஆறு மீட்டர் பாரில் 68 பீஸ் வெட்டியபின் 84 மில்லிமீட்டர் மீதி. ஒரு மில்லிமீட்டரில் அறுபத்தொன்பதாவது பீஸ் போய்விட்டது. ஃபேசிங் அலவன்ஸை ஒன்றேகாலாகக் குறைத்தால் 69 வருகிறது, மீதி வெறும் 31 மில்லிமீட்டர் சொச்சம். நாற்பது பாருக்கு நாற்பது பீஸ், 50 கிலோவுக்கு மேல். கருப்பு பாரின் முனை கோணலாக இருக்கும், பாரும் எப்போதும் சரியாக ஆறு மீட்டராக வராது என்பதால் உண்மையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் அதற்காகவே வந்த பாரை முதலில் டேப் வைத்து அளந்து, அதன்பின் எந்த வேலைக்கு எந்தப் பார் என்று பிரிக்க வேண்டும். பார் ஃபீடர் உள்ள சி.என்.சி.யில் ஓட்டினால் சக் பிடிக்கும் கடைசிப் பகுதி ஒவ்வொரு பாரிலும் மீதியாகும்; அதையும் கணக்கில் சேர்க்காமல் எடுத்த விலை பொய் விலை.

வெவ்வேறு நீளமுள்ள பல உருப்படிகளை ஒரே பாரில் எப்படி இணைத்து வெட்டினால் மீதி குறையும் என்பது கணித உலகின் புகழ்பெற்ற கேள்விகளில் ஒன்று. சோவியத் கணிதர் லியோனித் கான்டரோவிச் 1939-இல் வெளியிட்ட உற்பத்தித் திட்டமிடல் நூலில் அதை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னாளில் 1975-இல் பொருளியல் நோபல் கிடைத்தது. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய கில்மோர், கோமரி இருவரும் 1961-இல் அதைக் கணினியில் தீர்க்கும் வழியைச் சொன்னார்கள். இன்று அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்கள் எளிதாகக் கிடைக்கின்றன. இருந்தும் நம் பட்டறைகளில் கட்டிங் பெரும்பாலும் ஆர்டர் வந்த வரிசையில், கைக்கு எட்டிய பாரில் நடக்கிறது. ஒரு நாள் முழுவதும் வெட்ட வேண்டியதைக் காலையிலேயே ஒரு தாளில் எழுதி, நீண்ட துண்டுகளை முதலில் வெட்டி, மீதியில் குட்டையானவற்றை எடுக்கும் பழைய வழக்கமே மிச்சத்தில் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிடும். அதற்கு மென்பொருள் கூடத் தேவையில்லை. பேண்ட்சா ஓட்டுபவர் அந்தத் தாளைப் படித்து, மாற்றம் சொல்லும் உரிமையோடு இருந்தால் போதும். கட்டிங்குக்குப் பட்டறையில் யார் புதிதாக வந்தாரோ அவரை நிறுத்தும் வழக்கம் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. பட்டறையின் இரும்புப் பணம் முழுவதும் அந்த ஒரு கைவழியாகத்தான் போகிறது.

துண்டுகள் விஷயத்தில் இரண்டு மனப்பாங்குகள் உண்டு. எதையும் தூக்கி எறியக் கூடாது என்பது ஒன்று. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடு என்பது மற்றொன்று. இரண்டுமே பணத்தை விழுங்கும். ஒரு துண்டை வைத்திருப்பதற்குத் தகுதி இரண்டு: அது என்ன உலோகம் என்று உறுதியாகத் தெரிய வேண்டும், அது இருக்கிறது என்பது விலை எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டும். 150 மில்லிமீட்டருக்குக் குறைந்த இ.என். 8 துண்டை வைக்காதே, கன்மெட்டல் என்றால் 40 வரை வை என்பது போல உலோகத்துக்கு ஒரு நீளத்தை நிர்ணயித்துக்கொண்ட பட்டறையில் மூலை சுத்தமாக இருக்கும். பித்தளை, கன்மெட்டல் சுருளை இரும்புச் சுருளோடு கலக்க விடாமல் தனித் தொட்டியில் சேர்த்தாலே கிடைக்கும் விலையில் பெரிய வித்தியாசம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இரவு ஷிப்ட் முடிந்து தொட்டியை யார் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

உலோகம் எது என்ற அடையாளம் இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இ.என். 8, இ.என். 24 போன்ற எண்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் தர வரிசையிலிருந்து வந்தவை. பிரிட்டனே வேறு எண்முறைக்குப் போய் வெகுகாலமாகியும் நம் டிராயிங்குகளில் அவை நிலைத்துவிட்டன. இரண்டிலும் கார்பன் சுமார் 0.40 சதவீதம். இ.என். 24-இல் கூடுதலாக ஒன்றரை சதவீதம் நிக்கல், குரோமியம், மாலிப்டினம். கருப்பு பாராகக் கிடக்கும்போது கண்ணால் பிரித்தறிய முடியாது. விலையோ வெகுதூரம். கலந்துவிட்டால் தவறு உடனே தெரியாது. டர்னிங் முடிந்து, கீவே வெட்டி, ஹீட் ட்ரீட்மென்டுக்குப் போய் ஹார்ட்னஸ் வராமல் திரும்பும்போதுதான் தெரியும். அதற்குள் இரும்பின் விலையைப்போலப் பல மடங்கு கூலி அதில் ஏறியிருக்கும். தெரியாமலே ஒரு கியர்பாக்ஸுக்குள் போய்விட்டால் விளைவு இன்னும் மோசம்.

ஆலையில் ஒரே உருக்கில் வார்த்த எஃகுக்கு ஒரு ஹீட் நம்பர் உண்டு. அதைச் சொல்லும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டை, பட்டறை வழக்கில் டி.சி.யை, பாரோடு கேட்டு வாங்குகிறோம். காகிதம் ஃபைலில் இருக்கும், பார் மூலையில் இருக்கும், இரண்டையும் இணைப்பது பார் முனையில் பூசிய பெயின்ட் ஒன்றுதான். வெட்டுகிறவர் பெயின்ட் அடித்த முனையிலிருந்து வெட்டத் தொடங்கினால் முதல் பீஸோடு அடையாளம் போய்விடுகிறது. நிறமில்லாத முனையிலிருந்து வெட்டு என்பது ஒரு பைசா செலவில்லாத விதி. மீந்த துண்டுக்குப் பஞ்ச் வைத்து ஹீட் நம்பரை அடிக்க அரை நிமிடம். சந்தேகம் வந்தால் சோதிக்க வழிகள் உண்டு, ஆனால் அவற்றின் எல்லை தெரிந்திருக்க வேண்டும். கையில் பிடித்துக் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி நிக்கல், குரோமியத்தைச் சொல்லும், கார்பனைச் சொல்லாது. ஆகவே இ.என். 24-ஐயும் இ.என். 8-ஐயும் அது பிரித்துவிடும், இ.என். 8-ஐயும் சாதாரண எம்.எஸ்.ஸையும் பிரிக்காது. அதற்கு மாதிரி வெட்டி ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்ப வேண்டும். கிரைண்டரில் வைத்துப் பொறி பார்க்கும் பழைய மெக்கானிக்குகள் கார்பன் அதிகமானால் பொறி பூவாகச் சிதறுவதை வைத்து இந்த இரண்டையும் பிரித்துவிடுவார்கள். அந்தக் கண் இன்று அருகிவருகிறது.

கணக்குப் புத்தகம் ஏன் எப்போதும் மூலையோடு ஒத்துப்போவதில்லை என்பதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். இரும்பை வாங்குவது கிலோவில். வெட்டுவது மில்லிமீட்டரில். லேத்துக்குக் கொடுப்பது எண்ணிக்கையில். மூன்று அளவுக்கும் இடையே ஒவ்வொரு தடவையும் சிறு ஒழுகல். பார் 50 என்று சொல்லி 50.5 உருட்டப்பட்டு வந்தால் வாய்ப்பாட்டு எடையைவிட 2 சதவீதம் கூடுதல் எடைக்குப் பணம் கட்டியிருப்போம். பீஸ் எண்ணிக்கை கூடாது. ஆண்டுக் கடைசியில் கணக்கில் இருக்கும் இரும்பு மூலையில் இருக்காது, யாரையாவது சந்தேகப்படுவார்கள். எனக்குச் சரியென்று தோன்றுவது மில்லிமீட்டரில் இருப்பு வைப்பது: ஒவ்வொரு பாருக்கும் ஒரு சீட்டு, உலோகம், விட்டம், ஹீட் நம்பர், மீதி நீளம். கிலோ பில்லுக்கு மட்டும். ஜோசப் ஆர்லிக்கி 1975-இல் நூலாக எழுதிய, மூலப்பொருள் தேவையைத் திட்டமிடும் எம்.ஆர்.பி. முறையும் அதன் வழியில் வந்த பெரிய மென்பொருள்களும் பட்டறைக்குத் தேவையா என்று கேட்கிறார்கள். ஒரு உருப்படிக்கு ஒரு பார் என்ற எளிய உறவே இங்கே இருப்பதால் எக்செல் தாள் போதும். பீஸ் வெட்டியவுடன் மீதியை எழுதும் ஒழுங்கு இல்லாத இடத்தில் எந்த மென்பொருளும் பழைய எண்ணைத்தான் காட்டும்.

மெட்டீரியலைப் பார்ட்டியே, அதாவது ஆர்டர் கொடுப்பவரே, கொடுத்தால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே என்று பலர் அந்த வழிக்குப் போயிருக்கிறார்கள். கோவையில் கூலிக்கு மட்டும் ஓட்டும் பட்டறைகள் ஏராளம். மூலதனம் முடங்காது, விலையேற்றம் நம்மைத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் இருப்பு அப்போதும் நம் கூரையின் கீழேதான், அதுவும் அடுத்தவர் இருப்பு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி வேலைக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். சலான் தவறினால் பார்ட்டிக்கு வரிச்சுமை, நமக்குக் கெட்ட பெயர். ஒரு பீஸ் டூல் உடைந்து பாழானால் முப்பது ரூபாய் கூலிக்கு எதிராக முந்நூறு ரூபாய் இரும்புக்கு டெபிட் நோட் வரும். வார்ப்பு உருப்படிகளில் இன்னும் கொடுமை: மேலே நன்றாக இருக்கும், இரண்டு மணி நேரம் ஓட்டியபின் உள்ளே காற்றுக்குழி தெரியும். இரும்பு ஃபவுண்டரிக்குத் திரும்பும், ஓட்டிய கூலி யாருக்கும் சொந்தமில்லை. இத்தனை கிலோ கொடுத்தால் இத்தனை பீஸ், சுருள் யாருக்கு, துண்டு யாருக்கு, வார்ப்புக் குறைக்குக் கூலி எந்த அளவு வரை என்பதை வேலை தொடங்குமுன் எழுதி வாங்காமல் கூலி வேலை எடுக்கிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் பார்ட்டியின் இருப்புக்குக் காப்பீட்டாளர் ஆகிவிடுகிறார்கள்.

கடைசியாக யார் பணம் என்பது. இரும்புக் கடையில் ரொக்கம் அல்லது குறுகிய கடன். பார்ட்டியிடமிருந்து வரவு மூன்று மாதம் என்றால் இடைப்பட்ட காலத்துக்குப் பட்டறைதான் வங்கி. சிறுதொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இலிருந்தே 45 நாளுக்குள் பணம் கொடுக்கச் சொல்கிறது, தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டியும் விதிக்கிறது. அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் வட்டி கேட்டுப் போகிறவர்கள் அரிது. 2023–24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலத்தில் கொடுக்காத தொகையை வாங்குபவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டது. இதற்குப் பல் இருக்கிறது, ஏனென்றால் யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. வங்கிப் பக்கமோ கேஷ் கிரெடிட்டுக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்கிறது. இருப்பு கூடினால் எடுக்கக்கூடிய தொகை கூடும். ஐந்து ஆண்டாக அசையாத பார்களையும் துண்டுகளையும் முழு விலையில் காட்டிக் கடன் எடுக்கும் பழக்கத்துக்கு இதுவே வழி. அந்தக் கடனுக்கு வட்டி ஓடுகிறது, அந்த இரும்பு ஓடவில்லை.

தேசியச் சிறுதொழில் கழகம் மூலப்பொருள் உதவித் திட்டம் நடத்துகிறது. மொத்த விலைக்கு எஃகு, தவணைக்கு அவகாசம். ஆனால் வங்கி உத்தரவாதம் வேண்டும். உத்தரவாதத்துக்கு மார்ஜினும் பிணையும் கேட்கும்போது இரண்டு லேத் பட்டறை வெளியே நின்றுவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு மலிவான டன்னைவிடப் பயன்படுவது நம்பகமான துண்டு. இருபது முப்பது பட்டறைகள் நெருங்கியிருக்கும் இடத்தில் பொதுவான ஓர் இரும்புக் கிடங்கு, அங்கே ஒரு நல்ல பேண்ட்சா, ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், கேட்ட நீளத்தில் வெட்டி ஹீட் நம்பர் அடித்து டி.சி. நகலோடு தரும் ஓர் ஆள் இருந்தால், ஒவ்வொரு கூடத்திலும் தனித்தனியாகத் துருப்பிடிக்கும் பாதிப் பார்கள் ஓரிடத்தில் வேலைக்கு வரும். தொழிற்பேட்டை சங்கங்களால் இதைத் தொடங்க முடியும். வெட்டித் தரும் இரும்பு வணிகர்களும் செய்யலாம்: இன்று பில்லில் எடையும் விலையும் மட்டும் எழுதுகிறார்கள், அதற்குக் கீழே ஹீட் நம்பரையும் எழுதித் தர இன்னும் ஒரு வரிதான் வேண்டும்.